ஏஐயிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

எந்தப் பதவி போகும் என்று பேச ஆரம்பித்தால் அலுவலகத்தில் பயம்தான் மிஞ்சும். 2013இல் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைவாய்ப்பில் 47 சதவீதம் தானியக்கத்தால் பெரும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். 2016இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட ஆய்வு, தொழிலுக்குள் இருக்கும் தனித்தனிப் பணிகளைக் கணக்கில் எடுத்தது. 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம்தான் வந்தது. ஆகவே, பதவியை விட்டுவிட்டுப் பணியைப் பாருங்கள்.

இரண்டு வாரம் ஒவ்வொருவரும் செய்த பணி, எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்கட்டும். 'மற்றவை' என்ற கட்டம் வீங்கும். போன் செய்து சந்தேகம் தீர்ப்பது, தவறிய தாளைத் தேடுவது எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். அதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு பணியைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி வரவேண்டும், சரியா தவறா என்று வேறு வழியில் சரிபார்க்க முடியவேண்டும், தவறினால் திருத்த முடியவேண்டும். சப்ளையர் பில்களைப் பதிவது நல்ல தொடக்கம். ஆளை எடுப்பது, நீக்குவது போன்ற முடிவுகள் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம்.

அடுத்து, ஏற்கெனவே சரியாகப் பதிவான 200 பழைய பில்களைக் கொடுத்து ஏஐயைச் சோதியுங்கள். சுத்தமானவற்றை மட்டும் பொறுக்கினால் சோதனை பொய் சொல்லும். கோணலாக ஸ்கேன் ஆனவை, கையெழுத்தில் உள்ளவை, இரண்டு பக்கம் ஓடுபவை எல்லாம் கலந்திருக்கட்டும்.

விற்பவர் '98 சதவீதத் துல்லியம்' என்றால், எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பில்லில் தேதி, தொகை போன்ற ஒரு கட்டத்துக்கான எண். ஒரு பில்லில் 10 கட்டங்கள் இருந்து, பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வந்தால், முழுதும் சரியான பில்கள் சுமார் 82 சதவீதம்தான். நூற்றுக்கு 18 பில்களில் எங்கோ ஒரு பிழை, எதில் என்று தெரியாது.

இனி நேரக் கணக்கு. கையால் பதிய ஒரு பில்லுக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 பில்லுக்கு 400 நிமிடம். ஏஐ பதிந்ததைச் சரிபார்க்க 1 நிமிடம், பிழையைத் திருத்த 6 நிமிடம் என்றால் 100 + 108 = 208. கிட்டத்தட்ட பாதி நேரம் மிச்சம். சரிபார்க்க 3 நிமிடம் ஆனால் 300 + 108 = 408. கையால் செய்வதைவிட அதிகம்! லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் சரிபார்க்கும் நேரம்தான்.

அதைக் குறைக்க ஏஐ தேவையில்லை, சாதாரண விதிகளே போதும். வரிசைத் தொகைகளோடு வரியைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா? இதே பில் எண் முன்பே பதிவாகியிருக்கிறதா? தேதி எதிர்காலத்தில் இருக்கிறதா? இதில் சிக்குபவை ஆளிடம் போகட்டும். ஆனால் 'எவ்வளவு உறுதி?' என்று மொழி மாதிரியிடமே (ஏஐக்குள் இருந்து பதில் எழுதும் மென்பொருள்) கேட்டு, அது சொல்லும் எண்ணை வைத்து பில்லை வடிகட்டாதீர்கள். தவறான பதிலையும் அது தயங்காமல் சொல்லும். வடிகட்டிய பிறகு 200 பில்லில் ஒரு பிழைகூட வரவில்லையா? உண்மையான பிழை விகிதம் அப்போதும் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். புள்ளியியலில், 3ஐச் சோதித்த பில்களின் எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதி இது.

சோதனையில் தேறியதும், மாதக் கடைசி நெருக்கடியும் உட்பட ஒரு முழு மாதம் பழைய முறையும் கூடவே ஓடவேண்டும்.

பிறகு வருவது வேறு வகைச் சிக்கல்: நன்றாக ஓடும் இயந்திரத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தானியக்கம் கூடக் கூட, மனிதருக்கு மிஞ்சுவது கடினமான பகுதியே, அதற்கான கைப்பழக்கமும் தேய்ந்துவிடும் என்று உளவியலாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983லேயே எழுதினார். எனவே 100 பில்லுக்கு 5 வீதம் வேண்டுமென்றே தவறாகப் பதிந்து கலந்துவிடுங்கள். அதில் 4கூடப் பிடிபடவில்லை என்றால் சரிபார்ப்பு பெயரளவில்தான் நடக்கிறது. (அந்த 5ஐயும் கணக்கில் ஏறும் முன் எடுத்துவிட ஒருவரைப் பொறுப்பாக்க மறக்காதீர்கள்.) மாதம் அரை நாள் எல்லோரும் கையால் பதியட்டும்.

அந்த 200 பில்களைத் தூக்கிப்போடாதீர்கள். மென்பொருள் நிறுவனம் மொழி மாதிரியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதே தொகுப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேற்று சரியாகப் படித்த தேதி வடிவத்தை இன்று மாற்றிப் படிக்கலாம். எண் சரிந்தால் ஏஐயை யார் நிறுத்தலாம், அன்றைய பில்கள் யார் மேசைக்குப் போகும் என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.