எண்ணெய் குறைஞ்சா எங்கட ஒழுங்கைச் சனம் என்ன செய்யிறது?

எண்ணெய்த் தட்டுப்பாடு எண்ட உடன எல்லாருக்கும் பெற்றோல் செட் வரிசைதான் ஞாபகம் வரும், 2022ல கியூஆர் கோட்டோட நிண்டது, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தது. ஆனா பைக்கைக் கொஞ்சம் விடுங்கோ, முதல்ல கிணத்தடிக்குப் போங்கோ. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு ஆறு எண்டு வழுக்கியாறு ஒண்டுதான், அதுவும் மாரியில மட்டும். தோட்டத்துக்குக் கிணத்துத் தண்ணி கனஇடத்தில மண்ணெண்ணெய் மிசினாலதான் ஏறுது, அந்த வருசம் ஆகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்குப் போகேக்க எங்கட பக்கத்தில கனபேர் வெங்காயப் பாத்தியைப் பாதியாக் குறைச்சவை.

அப்ப ஒரு பேப்பர் எடுத்து ஒழுங்கையில, அதான் எங்கட சின்னத் தெருவில, எந்தக் கிணத்தில மண்ணெண்ணெய் மிசின், எதில கறண்ட் மோட்டர், எதில கப்பியும் கயிறும் இன்னும் கிடக்குது எண்டு எழுதுங்கோ. கறண்டை நம்பியும் இருக்கேலாது, 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள். கப்பி இல்லாத கிணத்துக்கு இப்பவே ஒண்டு போடுங்கோ. வெய்யிலுக்கு முதல் இறையுங்கோ, பூவரசங்குழையை மண்ணுக்குள்ள தாழ்த்தா மண் ஈரம் பிடிச்சிருக்கும்.

சமையலுக்கு ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டைக் கோது), பொச்சு (தேங்காய் மட்டை), காவோலை (காய்ஞ்ச பனையோலை). மாரிக்கு முதலே கொட்டிலுக்கை ஏத்திப்போடுங்கோ, நனைஞ்ச ஊமலோட மல்லுக்கட்டினா கண்தான் எரியும்.

வெளிச்சத்துக்கு 90களில எல்லார் வீட்டிலயும் இருந்த ஜாம்போத்தல் விளக்குத்தான். அடியில கொஞ்சம் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால திரியைக் கோத்து கம்பியில கொளுவிப் போத்தலுக்குள்ள இறக்கிறது. சுத்திவரக் கண்ணாடி, காத்துக்கு நூராது. அம்மம்மா அந்த வெளிச்சத்தில அரிசியில கல்லுப் பொறுக்குவா, நாங்கள் சுத்திவரப் புத்தகத்தோட. மறந்தும் பெற்றோல் விடாதேங்கோ.

அந்தக்காலம் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின பைக்குக் கதையெல்லாம் இப்பத்தைய எஃப்ஐ (எஞ்சினுக்குள்ள பெற்றோலைப் பீச்சி விடுற) பைக்குக்குச் சரிவராது, எஞ்சினைக் கெடுக்காதேங்கோ. சைக்கிளைத் துடைச்சு ரியூப், வால்வுக்கட்டை ரெண்டு மூண்டு வாங்கி வையுங்கோ. மீனும் விலை ஏறும், போட் மோட்டரும் மண்ணெண்ணெயிலதான் ஓடுது, கருவாடு போட்டு வைக்கிறவை வையுங்கோ.

பெற்றோலைக் கான்ல வீட்டுக்குள்ள பதுக்கிறதும் வேண்டாம். அதுக்குப் பதிலா எல்லாருமாக் காசு போட்டு ஒழுங்கையில ஒரு ஓட்டோவின்ர டாங்கைப் பாதிக்குக் கீழ இறங்க விடாமப் பாருங்கோ, இரவில ஆஸ்பத்திரிக்கு ஓட. ஓட்டோக்காரன்ர நம்பரை அந்தக் கிணத்துப் பேப்பரிலயே பெரிசா எழுதி வையுங்கோ.