அம்மைப்பால் முதல் கரும்பு வரை: மதராஸ் வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுகாதாரம், விவசாயம், அறிவியல் ஆகியவற்றில் மதராஸ் அரசாங்கம் முதன்முதலில் எப்படி இறங்கியது என்று யார் எழுதினாலும் ஆசையாகப் படிப்பேன். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

குழப்பம் அதிகம் தடுப்பூசியில்தான். "பசு அம்மைப்பாலைப் பற்றித் தன்வந்திரியே எழுதிவிட்டார்" என்ற பார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். (அம்மைப்பால் என்பது குடிக்கும் பால் அல்ல, அம்மை குத்தப் பயன்படுத்திய கொப்புள நீர்; தன்வந்திரி ஆயுர்வேதத்தின் கடவுளாகச் சொல்லப்படுபவர்.) அது 1819-ல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் வந்த செய்தி. அதற்கு ஆதாரமான பழைய சுவடி எதுவும் கிடைக்கவில்லை. அம்மை குத்திக்கொள்ள மக்களைச் சம்மதிக்க வைக்க அந்தக் காலத்திலேயே புனைந்தது என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

அதற்காக நம்மவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் எழுதிவிடக் கூடாது. பெரியம்மைக் கொப்புளத்துச் சீழையே எடுத்துத் தோலில் கீறி வைக்கும் வழக்கம் வங்காளத்தில் இருந்ததை ஆங்கிலேய மருத்துவர் ஹால்வெல் 1767-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது நிஜமான பெரியம்மையை லேசாக வரவழைப்பது, பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றலாம். 1796-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜென்னர் எடுத்துக்கொண்டது பசு அம்மையை, அதாவது மாட்டுக்கு வரும், பெரியம்மையைத் தடுக்கும் லேசான அம்மையை. இரண்டும் வேறு வேறு, ஒரே பெயரில் எழுதாதீர்கள்.

அப்புறம், அம்மை குத்திக்கொள்ள மறுத்த மக்களை "மூடநம்பிக்கை" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது. இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவில் முதன்முதலாக அம்மை குத்தினார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம், ஒரு பிள்ளையின் கைப்புண்ணிலிருந்து அடுத்த பிள்ளையின் கைக்கு என்றுதான் அம்மைப்பால் ஊர் ஊராகப் போனது, அந்த வழியில் மேகநோய் (சிபிலிஸ்) கூடப் பரவியதுண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்ததைத் தன் பிள்ளை உடம்பில் கீறவிட ஒரு தாய் தயங்கினால், அதில் நியாயமான பயமும் இருந்தது.

1880-ல் தடுப்பூசிச் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் கட்டாயமாகிவிட்டது என்பதும் தவறு. அது நகராட்சிகளுக்கும் கண்டோன்மென்ட்களுக்கும் (ராணுவக் குடியிருப்புகளுக்கும்) தான், அங்கும் அதை அமல்படுத்திய இடங்களில் மட்டும்தான்.

அறிவியலில், எல்லாவற்றையும் அரசே தொடங்கியது என்று எழுதுகிறார்கள். மதராஸ் வானாய்வகம் முதலில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்தது. கம்பெனி பிறகு எடுத்துக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. கப்பல் ஓட்டவும் நிலத்தை அளக்கவும் கம்பெனிக்கு வானியல் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

விவசாயத்தில், இங்கிலாந்திலிருந்து வந்ததெல்லாம் பலித்தது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. 1865-ல் தொடங்கிய சைதாப்பேட்டைப் பண்ணைக்கு ஆளுநர் டெனிசன் நீராவிக் கலப்பை வரவழைத்தார், இந்த மண்ணுக்கு அது சரிப்படவில்லை. பலித்தது எது தெரியுமா? 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இன விருத்தி நிலையம் வந்தது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற கரும்பை, யாரும் மதிக்காத காட்டு நாணலோடு இனக்கலப்பு செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்து பஞ்சாப் வயல்களுக்குப் போனது.