எல்சிஏ மென்பொருளில் கூறுகளை மறுபடி பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி எத்தனை வடிவங்களில் டி-சட்டை தைத்தாலும், நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே வெளிநாட்டு வாங்குநர் ஒவ்வொரு வடிவத்துக்கும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (எல்சிஏ: மூலப்பொருள் முதல் கழிவு வரை ஒரு பொருள் சுற்றுச்சூழல் மீது ஏற்றும் சுமையின் கணக்கு) கேட்கும்போது, கணக்கை முதலிலிருந்து கட்டாமல், 'ஒரு கிலோ சாயமிட்ட துணி', 'ஒரு பீஸ் தையல்' என்று சில கூறுகளை ஒருமுறை அமைத்து, ஓப்பன்எல்சிஏ, சிமாப்ரோ போன்ற மென்பொருள்களில் வேண்டிய இடத்தில் இணைத்துக்கொள்கிறோம். இதனால் நாள்கணக்கில் வேலை மிச்சமாகிறது. ஆனால் ஒரு கூறில் நுழைந்த பிழை, அதை இணைத்த எல்லாப் பொருள்களின் அறிக்கையிலும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை, கூறின் பெயரை மட்டும் படித்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் இணைத்ததால் வந்தவை.

அவற்றில் முதலிடம் சேதாரக் கணக்குக்கு. தைத்து முடிந்த சட்டையின் எடை 150 கிராம் என்றும், கட்டிங் மேசையில் விரித்த துணியில் 20 சதவீதம் துண்டாகப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தேவையான துணி 150-ஐ 0.8-ஆல் வகுத்தால் வரும் 187.5 கிராம். பலர் 150-ஐ 1.2-ஆல் பெருக்கி 180 கிராம் என்று எழுதிவிடுகிறார்கள். 20 சதவீதம் என்பது உள்ளே போகும் துணியின் மீதா, வெளியே வரும் சட்டையின் மீதா என்பதைக் கூறில் எழுதி வைக்காததால் வரும் குழப்பம் இது. ஒரு பீஸுக்கு 7.5 கிராம்தானே என்று தோன்றலாம். ஒரு லட்சம் பீஸுக்கு 750 கிலோ துணி கணக்கில் காணாமல் போகிறது.

இதைவிடப் பெரியது, சேதாரத்தை இரண்டு முறை சேர்ப்பது. சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு மதிப்பீட்டில், கட்டிங் கூறு ஏற்கெனவே தன்னுள் 0.8-ஆல் வகுத்துக்கொண்டிருந்தது. நானோ விலைக்கணக்குத் தாளில் இருந்த 187.5 கிராமை அப்படியே எடுத்து அந்தக் கூறுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளில் எழுதுவது சேதாரம் சேர்த்த துணி எடை. கூறு அதை மறுபடி வகுத்து, ஒரு சட்டைக்கு 234 கிராம் துணி என்று பருத்தி வயல் வரைக்கும் கணக்குப் போட்டது. விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் துணிக் கிடங்கிலிருந்து அந்த ஆர்டருக்கு வழங்கிய மொத்தக் கிலோவை, மென்பொருளில் கட்டிய கணக்கு மாதிரி காட்டிய மொத்தக் கிலோவோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து, உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் நேர்படாத எந்தக் கூறையும் நான் நூலகத்தில் சேர்ப்பதில்லை.

அடுத்தது எல்லை பற்றியது. 'பருத்தித் துணிக்குச் சாயமிடுதல்' என்ற பெயரில் ஆயத்தத் தரவுத்தளத்தில் கிடைக்கும் கூறு, வேறொரு நாட்டின் சாயப்பட்டறையை வைத்து எழுதப்பட்டிருக்கலாம். அங்கே கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு ஆற்றில் விடப்படும். திருப்பூரில் நிலைமை அதுவல்ல. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறையில்தான் அவை இயங்க முடிகிறது. சாயக்கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்ஓ சவ்வுகளைக் கடந்து, மிஞ்சும் உப்புக்கரைசல் ஆவியாக்கிகளில் கொதிக்கிறது. அதற்கு மின்சாரமும் நீராவியும் நிறைய வேண்டும். வெளிநாட்டுக் கூறை அப்படியே இணைத்தால், ஆற்றுக்குப் போகாத மாசு கணக்கில் ஏறும். ஆவியாக்கிக்கு எரித்த விறகு கணக்கில் ஏறாது. சுத்திகரிப்பைத் தனிக் கூறாக எழுதிச் சாயமிடும் கூறோடு இணைப்பதே சரி. அப்போதும் ஒரு கவனம் தேவை: மீட்டெடுத்த நீருக்கும் உப்புக்கும் சுத்திகரிப்புக் கூறில் வரவு எழுதிவிட்டு, சாயமிடும் கூறிலும் புதிய உப்பின் அளவைக் குறைத்து எழுதினால், ஒரே நன்மை இரண்டு முறை கணக்கில் வந்துவிடும்.

மின்சாரத்தை ஒவ்வொரு கூறுக்குள்ளும் தனித்தனி எண்ணாகப் புதைப்பது இன்னொரு பரவலான தவறு. தென் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசியத் தொகுப்போடு இணைந்தது. அதற்கு முந்தைய தென்மண்டல உமிழ்வு எண் ஒரு கூறிலும், இன்றைய இந்திய சராசரி இன்னொரு கூறிலும் இருக்கும் மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் எண், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, மின்நிலைய வாசலில் அளந்தது. கம்பி இழப்பும், நிலக்கரியை வெட்டி எடுத்துக் கொண்டுவரும் சுமையும் அதில் இல்லை. தரவுத்தளத்தின் மின்சாரக் கூறிலோ பொதுவாக அவை இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரியில் கலந்தால் நிட்டிங்கையும் டையிங்கையும் ஒப்பிடும் தகுதியே போய்விடுகிறது. கம்பெனிக்குச் சொந்தமாகக் காற்றாலை இருந்தால், அதன் ஓராண்டு உற்பத்தி எவ்வளவு என்பதை ஓரிடத்தில் வைத்துப் பகிர வேண்டும். நிட்டிங் கூறிலும் தையல் கூறிலும் தனித்தனியே 'முழுவதும் காற்றாலை' என்று எழுதினால், சுழலாத காற்றாலையின் மின்சாரத்தையும் சேர்த்துப் பெருமை பேசியதாகும். வாங்குநரிடம் அப்படியோர் எண்ணைக் கொடுப்பது நேர்மையாகாது.

நகலா, இணைப்பா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கூறை நகலெடுத்தால், டையிங் தரவைத் திருத்தும்போது அந்தத் திருத்தம் நகல்களுக்குப் போய்ச் சேராது. ஒரே கூறை எல்லாவற்றோடும் இணைத்தால், இன்று செய்யும் திருத்தம், சரிபார்த்து வெளியிட்டு முடித்த பழைய பொருளின் எண்ணையும் மாற்றிவிடும். பொதுவாக 5 ஆண்டுகள் செல்லுபடியாகும் சுற்றுச்சூழல் அறிவிக்கைகளுக்கு (ஒரு பொருளின் எல்சிஏ விடையைச் சரிபார்த்து வெளியிடும் ஆவணங்களுக்கு) இது பெரிய சிக்கல். நடப்பு வேலைகளுக்கு இணைப்பு, வெளியிட்ட ஒவ்வொரு அறிக்கைக்கும் அந்த நாளின் தரவுத்தளத்தை முழுதாக உறையவைத்த பிரதி என்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். முழுதாக என்பது முக்கியம்: பின்னணித் தரவுத்தளத்தின் பதிப்பும், உமிழ்வுகளைப் புவி வெப்பமாதல் போன்ற தாக்கங்களாக மாற்றும் தாக்க மதிப்பீட்டு முறையின் பதிப்பும் சேர்ந்தே உறைய வேண்டும். பருவநிலை மாற்றத்துக்கான ஐநா குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கையில் மீத்தேனின் நூறாண்டு மதிப்பு (அதே எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் எத்தனை மடங்கு வெப்பமாக்கும் என்பது) 25, ஐந்தாம் அறிக்கையில் 28. முறை மாறினால் தொழிற்சாலையில் எதுவும் மாறாமலே விடை மாறும்.

எல்சிஏவுக்குப் பலரும் பயன்படுத்தும் ஈகோஇன்வென்ட் என்ற ஆயத்தத் தரவுத்தளத்தில் 'சந்தை' என்று தொடங்கும் கூறுகளில் சராசரிப் போக்குவரத்து ஏற்கெனவே அடங்கியிருக்கும். அதன்மேல் நம் லாரித் தூரத்தையும் சேர்ப்பது இரட்டைக் கணக்கு. அதே தரவுத்தளம் கழிவையும் துணைப்பொருளையும் பங்கிடும் விதத்துக்கேற்பப் பல மாதிரிகளில் வருகிறது. ஒன்றிலிருந்து நூலையும் மற்றொன்றிலிருந்து பாலிபேக்கையும் எடுத்து ஒரே சட்டையில் சேர்க்கக் கூடாது.

மாறிகளின் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். ஓப்பன்எல்சிஏவில் பொது மாறியின் பெயரிலேயே ஒரு கூறுக்குள் உள்ளூர் மாறி இருந்தால், அந்தக் கூறில் உள்ளூர் மதிப்பே செல்லும். பொது இடத்தில் 'சேதாரம்' என்பதை 20-லிருந்து 15 ஆக்கிவிட்டு, விடை ஏன் அசையவில்லை என்று அரை நாள் தேடியவர்கள் உண்டு. 'கட்டிங்_சேதாரம்_உள்ளீட்டின்மீது' என்று நீளமாகப் பெயரிட்டால் இந்தத் தேடல் மிச்சம்.

எந்தக் கூறையும் ஒரு பொருளோடு இணைப்பதற்கு முன், அதை மட்டும் தனியே, அதன் ஓர் அலகுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ சாயமிட்ட துணிக்கு நீர், நீராவி, மின்சாரம், உப்பு எவ்வளவு வந்தன என்ற பட்டியலைச் சாயப்பட்டறை மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். மென்பொருளைத் தொட்டே பார்க்காதவராக இருந்தாலும், நீராவி குறைவாக இருக்கிறதே என்று முதலில் கேட்பவர் அவராகத்தான் இருப்பார்.