பூட்டிக் கிடந்த வீடும் கைக்குழந்தையும்: மதுரைப் பக்கம் போகுமுன்

வெளிநாட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்கள் டெங்கு, மலேரியா கொசுவிடமிருந்து பிள்ளையைக் காக்க, விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்னாடியே ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு போன் போடுங்கள். மாடித் தொட்டியைக் காலி பண்ணி, உட்சுவரை பிரஷ் வைத்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரை மண்ணில் கொட்டச் சொல்லுங்கள். வெறுமனே அலசி விட்டால் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. நீங்கள் வந்து இறங்கிய அன்று மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினால் அவை பொரிந்து, ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். மூன்று வாரப் பயணம் என்றால் பாதி நாளும் அந்தக் கொசுவோடுதான். நகரப் பகுதியில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கும் பிடித்த இடம் இதே மூடியில்லாத தொட்டியும் கிணறும்தான். ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டச் சொல்ல மறக்காதீர்கள். மூடி சரியாக இருந்தாலும் கொசு அந்த வழியாக நுழைந்துவிடும்.

பூட்டிய வீட்டில் கண்ணில் படாத தண்ணீர் இன்னும் உண்டு: கழிவறை ஃப்ளஷ் டேங்க், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, குளியலறைத் தரைச் சல்லடைக்கு அடியில் தேங்கியது, கொல்லையில் ஆட்டுக்கல் குழி. ஆட்டுக்கல்லைப் புரட்ட முடியாவிட்டால் குழியில் மணலை நிரப்பி விடுங்கள். சிரட்டையும் பழைய டயரும் வாசலுக்கு வெளியே போகட்டும். அப்புறம், தங்கியிருக்கும் வரை வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துக் காயவிட வேண்டும். புழு கொசுவாக ஒரு வாரமாவது ஆகும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு கூடும். சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறோம், வெயில் காலம்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருவில் டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

அனோபிலிஸ் ராத்திரியில் கடிக்கும். ஏடிஸ் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் கடிக்கும். ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இங்கேதான் தூளி சிக்கலாகிறது. அப்பத்தா பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டி, மேலே ஒரு வலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். ஆனால் பிள்ளையின் முதுகும் பின்புறமும் சேலையோடு ஒட்டிக் கிடக்கும். நைந்துபோன ஒற்றைத் துணியைக் கொசு கீழிருந்தே குத்திவிடும். ஒன்று, தூளியைச் சுற்றிலும் அடியிலும் சேர்த்து வலை மூட வேண்டும். இல்லையென்றால் தூங்கியதும் இறக்கிப் பாயில் போட்டுக் குடை வலையைக் கவிழ்த்துவிடுங்கள். கட்டிலில் கட்டும் வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், பிள்ளையின் கையோ காலோ வலையில் ஒட்டாதபடி படுக்க வையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசுவிரட்டிக் களிம்பு கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு 20 முதல் 30 சதவீதம் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பிள்ளைக்குத் தடவுங்கள், பிள்ளையின் கையில் வேண்டாம், வாயில் வைத்துக்கொள்ளும். சன்ஸ்கிரீன் முதலில், களிம்பு அதற்கு மேல். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் என்ற கொசுவிரட்டி மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்தினால் குழந்தைக்கு இருமல்தான் மிச்சம்.

மாத்திரைக்கு வருவோம். நியூஜெர்சி அக்கா பிள்ளைக்கு மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரை கொடுப்பார், லண்டன் தம்பி கொடுக்கமாட்டார், இரண்டு பேர் செய்வதும் அவரவர் நாட்டு ஆலோசனைப்படிதான். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. இந்தியாவின் பெரும்பகுதிக்கும் மாத்திரை பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் தமிழ்நாட்டுக்குக் கடி தவிர்ப்பு போதும் என்கிறார்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற தடுப்பு மாத்திரை என்றால் கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, தினமும் சாப்பாட்டோடோ பாலோடோ கொடுத்து, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் இப்யூபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் அளவு பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நம்மூர் மெடிக்கலில் ஒரே மருந்து மூன்று வீரியத்தில் கிடைக்கும். பத்து கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. என்றால், 5 மி.லி.யில் 125 உள்ள சிரப்பில் 6 மி.லி., 250 உள்ளதில் 3 மி.லி., 1 மி.லி.யில் 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தை ஒரு டீஸ்பூன் ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து ஊற்றிப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். விடாத வாந்தி, வயிற்றுவலி, கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், ஒன்றுக்குப் போவது குறைதல், இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நகரத்தில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. நிலவேம்புக் கசாயம் கொடுத்திருக்கிறோமே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகு பல மாதம் கழித்தும் வைவாக்ஸ் வகை மலேரியா தலைகாட்டும், கிருமி ஈரலில் பதுங்கிக் கிடக்கும். ஒரு வருஷத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்தியா போய்வந்த விஷயம். முதல் மலேரியா ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.