மலையேறும் மின்சார பிக்அப்: கீழே நூறு, மேலே எண்பது

நீலகிரியில் மின்சாரச் சரக்கு வண்டி வாங்குகிறவர்கள் முதல் வாரமே குழம்பும் இடம் ஒன்று உண்டு. டாடா ஏஸ் இவியின் முதல் மாடலை எடுத்துக்கொள்வோம். பேட்டரி 21.3 யூனிட், சுமை 600 கிலோ, சோதனையில் சான்று பெற்ற தூரம் 154 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 52 கிலோமீட்டர்தான். ஆனால் லோடோடு ஏறினால் பேட்டரி கிட்டத்தட்ட காலியாகிவிடும். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும், உயரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

1. ஏற்றத்துக்கு எவ்வளவு போகும்?

ஒரு டன் எடையை 100 மீட்டர் உயர்த்த 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்து 0.32 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஆக ஊட்டிக்கு ஏற வேண்டியது ஏறத்தாழ 1,900 மீட்டர்.

லோடோடு வண்டி 1.8 டன் என்றால், 19 × 1.8 × 0.32 = 11 யூனிட். இது உயரத்துக்கு மட்டும். தூரத்துக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு 0.14 யூனிட் வீதம் 7.3 போகும். மொத்தம் 18 யூனிட்டுக்கு மேல், அதாவது பேட்டரியில் 86 சதவீதம். பர்லியாறு தாண்டி ஒரு மரம் விழுந்து டிராபிக் நின்றாலோ, மழையில் ரோடு இழுத்தாலோ மிச்சம் இருப்பதும் கரையும். அதனால் உர மூட்டையோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு மேலே போகிற நாளில் குன்னூரில் ஒரு மணி நேரமாவது சார்ஜ் போடத் திட்டமிடுங்கள். அங்கே உள்ள சார்ஜரின் பிளக் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வண்டி 1.2 டன் என்றால், எடை குறைவதால் தூரத்துக்கான செலவும் குறைந்து, இதே வழிக்கு 13 யூனிட், சுமார் 61 சதவீதம் போதும்.

2. இறங்கும்போது பேட்டரியில் இடம் விடுங்கள்

புதியவர்கள் செய்யும் ஆபத்தான தவறு இங்கேதான். இரவெல்லாம் ஊட்டியில் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு விடியற்காலையில் காய்கறி லோடை இறக்கப் புறப்படுவார்கள்.

மின்சார வண்டி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதைத்தான் ரீஜென் என்கிறோம். அப்படிப் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போக வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் போக வழியில்லை, ரீஜென் தானாகக் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். டீசல் வண்டியில் இரண்டாம் கியர் போட்டுப் பிடிப்பது போன்ற வசதியும் இதில் இல்லை. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். குன்னூருக்குக் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிக் கருகல் வாடை வரும். அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காது.

கேரட், முட்டைக்கோஸ் லோடோடு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினால், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 2 முதல் 4 யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். அதற்கு இடம் வேண்டும். எனவே மேலே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடவே கூடாது. நியூட்ரலில் ரீஜென் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 80-இல் கிளம்பிய வண்டி மண்டியில் குறைந்தது 90-ஐ ஒட்டி நிற்கும். லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் ஊட்டியில் 30 சதவீதம் மிச்சம் இருக்கும். காய்கறி இறக்கி வெறும் வண்டியோடு ஏறும் இந்தத் தொழிலுக்கு மின்சார வண்டி இவ்வளவு பொருந்துவது இதனால்தான்.

நூறு சதவீத சார்ஜை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் சதவீதக் காட்டி நாளடைவில் தப்பாகக் காட்டும். வண்டியின் கையேடு சொல்லும் இடைவெளியில் முழுதாக ஏற்றினால்தான் அது சரியாகும். அந்த முழு சார்ஜை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அடுத்தது ஏற்றம்தானே.

3. வீட்டு சார்ஜிங்: எர்த்தில்தான் சிக்கல்

3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியர் வரை மணிக்கணக்காக இழுக்கும். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய வீடுகளிலும் உள்ள ஒயரிங் இதைத் தாங்காது. மீட்டர் போர்டிலிருந்து நேராக ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது), 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரம் கழித்து பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது, பிப்ரவரி மார்ச்சில் மண் காய்ந்தால் இன்னும் மோசம். எலெக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லி 5 ஓமுக்குள் கொண்டுவாருங்கள். குழியில் தண்ணீர் ஊற்றுவது கோடைக்கு உதவும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜிங் இழுத்துக்கொண்டே போகும், அப்போது இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள்.

4. உறைபனி மாதங்கள்

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி செல்லில் உள்ள லித்தியம், எதிர்மின்முனைக்குள் போய்ச் சேராமல் அதன் மேல் உலோகமாகப் படியும், பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதைத் தடுக்கவே வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி குளிரில் சார்ஜையும் ரீஜெனையும் குறைத்துவிடுகிறது. வழி எளிது: ஓடி வந்த சூடு ஆறும் முன்பே சார்ஜில் போடுங்கள், கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். விடியற்காலை முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் வலுவாகப் பிடிக்காது என்று எதிர்பார்த்தே மெதுவாக இறங்குங்கள்.

5. ஓட்டும் கை

ஏற்றத்தில் 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தைச் சீராக வைத்திருங்கள். வளைவில் எதிர்வண்டிக்காக நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். நின்ற நிலையில் மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும், சூடு ஏறிச் சக்தி குறையும். ஹேண்ட்பிரேக் போடுங்கள். டயர் காற்றைக் கிளம்பும் ஊரில், வண்டி ஓடும் முன், கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்குப் பாருங்கள்.

கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தை அமல்படுத்துவார்கள். அது உங்கள் வண்டிக்கும் பொருந்தினால் கணக்கு மாறும். ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குப் போக முதலில் தொட்டபெட்டா ஜங்ஷன் வரை ஏற வேண்டும், தூரமும் பத்து கிலோமீட்டர் போலக் கூடும். அந்த ஏற்றத்துக்கே ஓரளவு செலவாகிவிடுவதால், அன்று 85 சதவீதத்தோடு கிளம்பலாம்.