ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கடல் வற்றாது: கழிமுக வேலைக்கு இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கழிமுகத்தைச் சுத்தம் செய்யக் கிளம்புகிற எந்தக் குழுவானாலும் சரி, நாள் ஞாயிற்றுக்கிழமை, நேரம் காலை ஆறரை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடலாம் என்பதுதான் கணக்கு. அன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது வற்றும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நம் கடற்கரையில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு தடவை. அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு ஆறரைக்கு வற்றிக் கிடந்த சேற்றுத்திட்டு, அடுத்த ஞாயிறு அதே ஆறரைக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கும். "போன வாரம் நடந்துதானே போனோம்" என்று இறங்கினால் முழங்கால் வரை சேறு, அதற்கு மேல் சாக்கடைத் தண்ணீர்.

இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். வருகிறவர்களின் வசதிக்கும் பணம் கொடுக்கிறவர்களின் வசதிக்கும் நாள் குறித்துவிட்டு, ஆறும் கடலும் அதற்கு ஒத்துவரும் என்று நினைப்பது. அடையாறு முகத்துவாரத்தை வைத்தே சொல்கிறேன். எண்ணூரோ கோவளமோ, விவரங்கள் மாறும், தவறுகள் அப்படியேதான் இருக்கும்.

அடையாறு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துக்கும் நடுவில், உடைந்த பாலத்தைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. கோடையில் ஆற்றில் வேகம் இல்லாததால் அலை கொண்டுவந்து போடுகிற மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிடும், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் திறக்கும். வாய் தூர்ந்திருக்கும் மாதங்களில் கடலில் தண்ணீர் ஏறினாலும் உள்ளே அந்த அளவு ஏறாது, ஏறுவதும் தாமதமாகும். ஆகவே மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் தளத்தில் ஓத நேரத்தை, அதாவது தண்ணீர் ஏறி வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள், முதல் நாள் சாயங்காலம் குப்பத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. எப்போது வற்றும், எங்கே கால் புதையும், எந்தப் பக்கம் வலை கட்டியிருக்கிறது என்று மூன்றும் அவர்களுக்குத் தெரியும்.

சரி, அடுத்த தவறு குப்பை மூட்டை. நூறு பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் பொறுக்கினால் மூட்டை மலை மாதிரி சேரும், அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள், கலைந்து போவார்கள். லாரி? "மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டோம்" என்பார்கள். யாருக்கு, எந்த வார்டுக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. அன்று இரவு தண்ணீர் ஏறும்போது கரையோரம் அடுக்கிய மூட்டைகளில் கீழ் வரிசை முதலில் நனைந்து சாயும், ஏற்கெனவே உப்பில் ஊறின சாக்கின் வாய்க்கட்டு அவிழும், உள்ளே இருந்த பால் கவரும் தெர்மாகோலும் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வரும். காலையில் பொறுக்கினது மறுபடி ஆற்றில். வண்டி உறுதியாகாமல் ஒரு சாக்கைக்கூடப் பிரிக்காதீர்கள். சேறு படிந்த பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்காரர் பெரும்பாலும் வாங்க மாட்டார் என்பதையும் முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால் "மறுசுழற்சிக்கு அனுப்புகிறோம்" என்று போஸ்டரில் அச்சடித்துவிட்டு முழிக்க வேண்டியிருக்காது.

கையுறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் உறை ஊசி முனைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அங்கே சிரிஞ்சும் உடைந்த பாட்டிலும் சாதாரணம். செருப்போடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள், காலில் புண் இருந்தால் கரையில் நின்று குப்பையை எடை போடச் சொல்லுங்கள், டெட்டனஸ் ஊசியும் எலிக்காய்ச்சல் அபாயமும் முன்பே எல்லோருக்கும் சொல்லப்பட வேண்டியவை. எண்ணெய் கொட்டியிருந்தால் கிட்டேயே போகக் கூடாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதினபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோதும், சரியான கவசம் இல்லாமல் வாளியும் கையுமாக ஆட்கள் அள்ளுகிற படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அதைத் தியாகம் என்று பகிர்ந்தவர்கள் அந்த எண்ணெயின் ஆவியை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி மரம் நடுதல். இதில்தான் நல்ல மனசோடு செய்யப்படும் கெடுதல் அதிகம்.

கழிமுகம் என்றதும் அலையாத்திக் காடு என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சேறு வெறுமனே கிடந்தால் அது காலி மனை போலத் தெரிகிறது. அந்தச் சேற்றில்தான் புழுவும் சிறு நண்டும் சிப்பியும் இருக்கின்றன, அதைத் தின்னத்தான் அக்டோபரிலிருந்து மார்ச் வரை எங்கிருந்தோ உள்ளான் பறவைகள் வருகின்றன. திறந்த சேற்றுத்திட்டில் கன்று நட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தினமும் நீண்ட நேரம் மூழ்கிக் கன்று சாகும், அல்லது தப்பித்தவறிப் பிழைத்துப் பறவைக்கு இருந்த மேய்ச்சல் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதேபோலக் கரையோரம் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் உமரியைக் களை என்று நினைத்து மண்வெட்டியால் சீவி எடுத்துவிட்டு அதே இடத்தில் கன்று வைப்பதும் நடக்கிறது. உமரி அந்த உப்பு மண்ணுக்குச் சொந்தக்காரச் செடி. அதைக் கொன்றுவிட்டு எதைச் சீரமைக்கிறோம்?

இலங்கை அனுபவம் இதற்கு நல்ல பாடம். சுனாமிக்குப் பிறகு அங்கே கடலோரம் முழுக்க அலையாத்தி நட்டார்கள். 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் பிழைத்தது 200, 220 ஹெக்டேர்தான், ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. காரணங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்: தண்ணீர் ஏறி இறங்கும் அளவுக்குப் பொருந்தாத இடம், இடத்துக்குப் பொருந்தாத இனம், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது. முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும் சுரபுன்னைக் காயைச் சேற்றில் குத்தி நிறுத்துவது சுலபம், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும், அதனால்தான் கண்ட இடத்திலெல்லாம் சுரபுன்னையையே குத்துகிறார்கள்.

பிச்சாவரத்தில் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்தது வேறு. காடு அழிந்த இடத்தில் தரை குழிவாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து உப்பு ஏறிப்போயிருந்தது. அவர்கள் முதலில் வெட்டியது வாய்க்கால், மீன் முள் அமைப்பில், நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னதுகளும். தண்ணீர் ஏறி இறங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வாய்க்கால் ஓரங்களில் நடவு. தண்ணீருக்கு வழி கிடைத்து, தாய்மரமும் பக்கத்தில் இருந்தால், விதை மிதந்துவந்து தானாகவே முளைக்கும் இடங்களும் உண்டு. "எத்தனை கன்று நட்டீர்கள்" என்று கேட்கிறவரிடம் "நடவே இல்லை, அடைப்பை எடுத்தோம்" என்று சொல்லத் தைரியம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கால் வெட்டுவது தன்னார்வலர்கள் ஜேசிபி வாடகைக்கு எடுத்து ஒரு சனிக்கிழமை முடித்துவிடக்கூடிய காரியம் அல்ல. சேற்றுத்திட்டு, அலையாத்தி, உப்புச் சதுப்பு, ஆமை முட்டையிடும் கரை எல்லாமே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அதிகபட்சப் பாதுகாப்பு உள்ள 1ஏ பிரிவில் வருகின்றன. ஆற்றுப் படுகைக்கு நீர்வளத் துறை, அடையாற்றுச் சீரமைப்புக்குச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை, குப்பைக்கு மாநகராட்சி. எழுத்தில் அனுமதி இல்லாமல் மண்ணைக் கிளறாதீர்கள், வாய்மொழியாகச் சரி என்று சொன்ன அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிப் போவார்.

நட்டே ஆக வேண்டிய இடமாக இருந்தால் இரண்டு சின்ன விஷயங்கள். நர்சரி கவரோடு கன்றைப் புதைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அல்லது கவரைக் கிழித்து அங்கேயே போட்டுவிடுவார்கள். கொடுத்த கவரைத் திரும்ப எண்ணி வாங்க ஒரு ஆளை நிறுத்துங்கள். தில்லை மரம் இருக்கிற கழிமுகம் என்றால் யாரையும் கிளையை ஒடிக்க விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

பணம் திரட்டுவதில் முதல் தவறு "ஒரு கன்றுக்கு இத்தனை ரூபாய்" என்ற திட்டம். கேட்கச் சுலபம், கொடுக்கச் சுலபம், ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கன்று எண்ணிக்கைக்கு அடிமை. ஒரு வேலியைப் பழுது பார்க்கவோ, மாதம் இரண்டு தடவை வந்து கன்றில் சுற்றிய பிளாஸ்டிக்கை எடுக்கக் குப்பத்து ஆள் ஒருவருக்குக் கூலி கொடுக்கவோ அந்தப் பணத்தில் இடமே இருக்காது. மூன்று வருடப் பராமரிப்பைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். கொடுப்பவர் குறைந்தால் குறையட்டும்.

கம்பெனிப் பணம் இன்னொரு சிக்கல். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, அதனால் பிப்ரவரி கடைசியில் திடீரென்று போன் வரும், "பத்தாயிரம் கன்று, மார்ச்சுக்குள் முடியுமா?" மார்ச்சில் நட்டால் அடுத்து வருவது ஏப்ரல், மே. முகத்துவாரம் தூர்ந்து, உள்ளே தண்ணீர் வற்றி உப்பு ஏறும் மாதங்கள். முடியாது என்று சொல்லுங்கள். அவர்கள் சமூகப் பொறுப்பு நிதி விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: தொடரும் திட்டம் என்று அறிவித்தால் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றி, ஆரம்பித்த ஆண்டைத் தவிர்த்து மூன்று நிதியாண்டு வரை செலவழிக்கலாம். அவர்கள் கணக்குப் பிரிவுக்கு இது தெரியும், உங்களிடம் பேசுகிற விளம்பரப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெறுகிற அறக்கட்டளைக்கு, இந்த நிதியை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வரிச் சலுகைப் பதிவுகளும் மூன்று வருடச் செயல்பாடும் கேட்பார்கள், போன மாதம் வாட்ஸாப்பில் ஆரம்பித்த குழுவுக்கு இது நேரடியாகக் கிடைக்காது. அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் ஒரு நம்பகமான அறக்கட்டளையோடு சேர்ந்து செய்யுங்கள். அப்புறம், ஆற்றில் கழிவு விடுகிறவர் கொடுக்கும் பணத்தை வாங்கிவிட்டு அவர் பெயர் போட்ட டீ-ஷர்ட்டில் அந்த ஆற்றையே சுத்தம் செய்வதா என்று வாங்குவதற்கு முன்பே குழுவில் பேசி முடித்துவிடுங்கள், மேடையில் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவது எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் சண்டையில்தான் முடியும். வரிச் சலுகை உண்டு என்று சொல்லிக் கேட்டால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வெளிநாட்டுத் தமிழர்களிடம் கேட்கும்போது இன்னும் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் அத்தை மகன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு உள்ள வேறொரு அமைப்பு வாங்கி உங்களுக்குக் கைமாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. பாசத்தில் போட்ட நூறு டாலர் மொத்த அமைப்பையும் மாட்டிவிடும்.

முகத்துவாரத்தில் எவ்வளவு செய்தாலும் மேலிருந்து சாக்கடை வந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை. முதல் மழைக்குத் தேங்கின கழிவு மொத்தமாக அடித்து வரும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும், உங்கள் கன்றுகள் அதைத் தடுக்காது, தடுக்கும் என்று நன்கொடை நோட்டீசில் எழுதாதீர்கள். திரட்டின பணத்தில் ஒரு பங்கை எந்த இடத்தில் எந்தக் குழாய் ஆற்றில் விழுகிறது என்று கரையோரம் நடந்து படம் பிடித்துக் குறித்து மனுப் போடுவதற்கு ஒதுக்கினால், அது நான் பார்த்தவரை மரம் நடுவதைவிட லாபமான செலவு. மனு போட்டதோடு விடாமல் பதில் வரும்வரை துரத்த ஒருவர் வேண்டும், அந்த ஒருவருக்குப் பஸ் செலவாவது கொடுங்கள்.

எதை எண்ணுவது என்பதிலும் தவறு நடக்கிறது. வந்த ஆட்கள், தூக்கின கிலோ, நட்ட கன்று, இவை மூன்றும் நம்மைப் பற்றிய கணக்கு. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருக்கும் கன்று எத்தனை, ஒரே இடத்தில் ஒரே ஓத நிலையில் எண்ணின உள்ளான்கள் எத்தனை, குப்பத்தில் இறால் பட்டதா இல்லையா என்பதுதான் கழிமுகத்தின் கணக்கு. இந்தப் பொறுமை நம் ஊருக்குப் புதிதல்ல, இதே கடற்கரையில் மாணவர்கள் 1988-இலிருந்து ஒவ்வொரு ஆமைப் பருவத்திலும் ராத்திரி நடந்து முட்டைக் குழிகளைப் பதிவு செய்துவருகிறார்கள். வருடக் கணக்கை ஆங்கிலத்தில் பளபள பிடிஎஃப் ஆக்கி நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். வரவு, செலவு, செத்த கன்று, பிழைத்த கன்று எல்லாவற்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் அடித்து ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள், கீழே ஒரு போன் நம்பரோடு. போன் வரும், திட்டுதான் முதலில் வரும், எடுத்துப் பேசுங்கள்.