ஹூட் ஓடுகிறது, ஆனால் உங்களைக் காக்கிறதா? நுண்ணுயிர் ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. ‘ஹூட்’ என்று பொதுவாகச் சொல்லும் இரண்டு கருவிகள் உண்டு: மாதிரியை மட்டும் தூசியிலிருந்து காக்கும் லேமினார் ஃப்ளோ மேடை, காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி வேலை செய்பவரையும் காக்கும் பாதுகாப்பு கேபினட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விலையைப் பார்த்து மேடையை வாங்கிவிடுவார்கள். அது வடிகட்டிய காற்றை வேலை செய்பவரை நோக்கி ஊதும். வாழைத் திசு வளர்ப்புக்கு அது போதும். சளி மாதிரியை அங்கே திறந்தால் கிருமி நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். நோய்க்கிருமி வேலைக்கு, ஆளையும் மாதிரியையும் சேர்த்துக் காக்கும் இரண்டாம் வகுப்பு (Class II) பாதுகாப்பு கேபினட்தான் வேண்டும்.

காவிரி டெல்டாவில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி நெல் வயல் போன்ற ஈர மண்ணிலும் நீரிலும் வாழக்கூடியது. சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் தாக்கும். நோயாளியின் ரத்தத்தை ஆய்வகத்தில் வளர்க்கும்போது அது முளைத்தால், ‘ஏதோ சூடோமோனாஸ் (மண்ணிலும் நீரிலும் பரவலாக உள்ள பாக்டீரியா வகை), கலப்படமாக இருக்கும்’ என்று ஒதுக்குவதும், கிருமி வளர்ந்த தட்டை மேசையிலேயே திறந்து மோந்து பார்ப்பதும் நடக்கிறது. மோந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

சரி, கேபினட் இருக்கிறது. அதன் முன்திறப்பில் காற்று நொடிக்குச் சுமார் 0.5 மீட்டர் வேகத்தில்தான் உள்ளே போகிறது. பின்னால் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலே அது கலையும். அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் அப்படித்தான். தஞ்சாவூர்ப் புழுக்கத்துக்கு ஏசி போடுங்கள். அதன் காற்றும் கேபினட் வாயில் படக் கூடாது.

கேபினட் வாயிலில் காற்றை இழுக்கும் துளைத் தகடான முன் கிரில்லின் மேல் ரெஜிஸ்டரை வைத்து எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். முழங்கையும் அங்கேதான் ஊன்றியிருக்கும். உள்ளே இழுக்க வேண்டிய காற்றை அந்த நோட்டு அடைத்துவிடும். கிரில்லிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். கையை உள்ளே விட்டதும் ஒரு நிமிடம் பொறுங்கள். கையை நேராக நீட்டி நேராக எடுங்கள். பக்கவாட்டில் வீச வேண்டாம்.

உள்ளே பன்சன் விளக்கு வேண்டாம். அதன் சூடு காற்றோட்டத்தைக் கலைக்கும், வடிகட்டியையும் கெடுக்கும். தீயில் காய்ச்சத் தேவையில்லாத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் லூப் (கிருமியை எடுத்துத் தேய்க்கும் வளையக் குச்சி) வாங்கிக்கொள்ளலாம். கிருமி கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கை நம்பித் துடைக்காமல் விடுவதும் தவறு. தூசு படிந்த விளக்கு வெறும் நீல வெளிச்சம்தான். பிளீச்சால் துடைத்தால் அப்புறம் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள், இல்லையென்றால் எஃகு அரித்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறையும், இடம் மாற்றிய பிறகும் காற்றின் வேகம், வடிகட்டிக் கசிவு, புகைச் சோதனை மூன்றையும் செய்ய வேண்டும். கேபினட்டின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் வழக்கமான இடத்தில் நிற்பது மட்டும் சான்றாகாது.

கடைசியாக, கரண்ட். கணினிக்கு யூபிஎஸ் இருக்கும், கேபினட்டுக்கு இருக்காது! மழைக்காலத்தில் பாதி வேலையில் மின்சாரம் போனால் குழாய்களை மூடி, கையை மெதுவாக எடுத்து, கேபினட்டின் முன் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுங்கள். மின்சாரம் வந்ததும் ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே மறுபடி கையை வையுங்கள்.